அஅஅ அலுவலகம்

உங்கள் கணினித் திரையில் தூசி படிந்திருக்கிறது, மேடம். ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். பழைய பனியன் துணி ஒன்று, நன்றாகக் காய்ந்தது, அதுதான் சரி. மூலையில் உட்கார்ந்து நான் சொல்வதைத் தட்டிக்கொண்டிருக்கிறாரே, அவருடைய விசைப்பலகையையும் ஒருமுறை கவிழ்த்து உதற வேண்டும். சந்துக்குச் சந்து பிஸ்கட் தூள். இங்கிருந்தே தெரிகிறது. மன்னியுங்கள், பழக்க தோஷம். கணினியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். தாராளமாகச் சொல்கிறேன். உண்மையில், இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க மாட்டார்களா என்று எனக்கே ரொம்ப நாளாக ஆசை. எங்கள் அலுவலகத்தில் கணினிப் புழு என்று நான் வாயைத் திறந்தாலே எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். நீங்களோ கதவைச் சாத்தி, தேநீர் கொடுத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறீர்கள். காலையிலிருந்து எனக்கு ஒரே குஷியாக இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், பரவாயில்லை.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் போய் எண்ணெய் போடுவது, தேய்ந்ததை மாற்றுவது, நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிடுவது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. எனக்கு ஜெராக்ஸ் வேலை. வருடக்கணக்காக அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்று என் இடது கை எப்போதும் சூடாகவே இருக்கும். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "ஏம்ப்பா ஜெராக்ஸு" என்பார்கள். என் தங்கையின் கல்யாணத்துக்கு வந்த எங்கள் மேலாளர், மணப்பெண்ணைத் தன் மனைவிக்குக் காட்டி, "நம்ம ஜெராக்ஸோட தங்கச்சி" என்றார். தங்கையின் முகம் சுண்டிப் போனது. நான்தான் சிரித்துச் சமாளித்தேன்.

மாப்பிள்ளையும் எங்கள் நிறுவனத்து ஆள்தான். லிஃப்ட் மெக்கானிக். அந்த நிறுவனத்தில் என்னை ஜெராக்ஸ் என்று கூப்பிடாத ஒரே ஆள். கல்யாணத்துக்கு முன்பு அண்ணே, பின்பு மச்சான். தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு பொட்டு வருத்தம்கூடக் கிடையாது. நீங்கள் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் கணக்கு அக்காவால் ஆரம்பித்தது. கணக்குப் பிரிவில் இருப்பவர், எல்லோருக்கும் அக்கா. அவருக்கு ஒரு மெயில் வந்தது. "நம் படங்களைப் பார்த்தாயா?" என்று தலைப்பு. யார் படம், என்ன படம் என்று அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இணைப்பைத் தட்டிவிட்டார். படமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. திரை மட்டும் ஒருமுறை கண் சிமிட்டியது.

உள்ளே வந்தது புழு, மேடம். வைரஸ் வேறு, புழு வேறு. வைரஸுக்கு யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். புழு தன் காலிலேயே நடக்கும். உள்ளே நுழைந்ததும் உங்கள் பணத்தைத் தேடாது, படத்தைத் தேடாது. முகவரிப் பட்டியலைத்தான் தேடும். அதில் இருக்கிற ஒவ்வொருவருக்கும், மேலிருந்து கீழ்வரை, நீங்களே எழுதியதுபோல் ஒரு மெயில் போட்டு, அதற்குள் தானும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உங்களை நம்புகிறவர்கள் திறப்பார்கள். அங்கிருந்து அவர்களை நம்புகிறவர்களுக்குப் போகும். எவ்வளவு அழகான வேலை என்று பாருங்கள்.

எங்கள் அலுவலகம் முழுக்க ஒரே பட்டியல்தான். அன்று மேலாளர் பெயரிலேயே மெயில் கிளம்பிவிட்டது. வாடிக்கையாளர்களுக்கு, உதிரிபாகக் கடைகளுக்கு, ஆடிட்டருக்கு, கடைசியில் மேலாளருடைய மாமியாருக்கு. "நம் படங்களைப் பார்த்தாயா?" என்று மாமியாருக்கு, மேடம். நீங்களே சிரித்துவிட்டீர்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் மேலாளரின் மனைவி ஆட்டோ பிடித்து வந்து வரவேற்பறையில் நின்றார்.

"எங்கம்மாவுக்கே படம் அனுப்புற அளவுக்கு வந்துட்டீங்களா? இன்னும் யார் யாருக்கு அனுப்பியிருக்கீங்க? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. சுவரில் இருந்த நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். கணினியைப் பற்றி அதற்கு முன் பொழுதுபோக்குக்காகப் படித்திருந்தேன், அவ்வளவுதான். பிறகு அந்த அம்மாவுக்கு இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் அவரையும் ஒன்றில் அவருடைய கைப்பையையும் உட்கார வைத்து, புழு என்றால் என்ன என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவர் மேலாளரைப் பார்த்து, "அதானே பார்த்தேன், உங்களுக்கு ஏது அவ்வளவு சாமர்த்தியம்" என்றார். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. மேலாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லன்னா என் குடும்பம் இன்னிக்குச் சந்தி சிரிச்சிருக்கும்யா."

அந்த வாரமே எனக்குத் தனி அறை. முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறைதான், ஆனால் கதவு உண்டு. கதவில் பலகை உண்டு. கணினிப் பாதுகாப்பு என்று நீலத்தில் வெள்ளை எழுத்து. தங்கை அதைப் பார்ப்பதற்கென்றே வந்தாள். பலகைக்குக் கீழே என்னை நிற்க வைத்துப் போனில் படம் எடுத்தாள். "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுண்ணா, எழுத்து மறையுது" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் படத்தை அவள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தாள். நேற்றுவரை இருந்தது.

இப்போது அந்தப் புழுவுக்கு நான் வைத்த பொறிக்கு வருகிறேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், உங்களுக்கும் உதவும். புழு மேலிருந்து கீழே போகும் என்றேன் இல்லையா? அப்படியானால் பட்டியலின் முதல் பெயர் பொய்ப் பெயராக இருந்தால்? முதல் மெயில் என்னிடமே வந்து விழும். விழுந்த நொடியில் மணி அடிக்கும். நான் வயரைப் பிடுங்குவேன். எலிப்பொறி மாதிரிதான். அ என்ற எழுத்தை மூன்று முறை தட்டி அஅஅ என்று ஒருவரைப் படைத்தேன். அவருக்கென்று ஓர் அஞ்சல்பெட்டி திறந்து அதை என் அறைக் கணினியில் வைத்துக்கொண்டேன். பட்டியலைத் திறந்தால் முதலில் அவர்தான் நிற்பார். அவரைத் தாண்டித்தான் மற்றவர்களிடம் போக முடியும்.

இவர் யார் என்று அலுவலகத்தில் ஒரே கேலி. மூணு ஆனா சார் என்று பெயர் வைத்தார்கள். மூணு ஆனா சார் இன்னிக்கு லீவா, மூணு ஆனா சாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் யாராவது ஒருவர் குப்பை என்று நினைத்து அவரை அழித்துக்கொண்டே இருந்தார்கள். அழிக்க அழிக்க நான் திரும்பப் போடுவேன். கடைசியில் ஒரு யோசனை வந்தது. அஅஅ அலுவலகம் என்று மாற்றிவிட்டேன். அலுவலகம் என்று இருந்தால் யாருக்கும் அழிக்கக் கை வராது. இதற்காக என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பொறியில் ஒன்று மாட்டியது. கணக்கு அக்காவேதான், பாவம், இந்த முறை பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு மெயில். மணி அடித்தது. நான் வயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் புழு அஅஅவோடு நின்றுவிட்டது, மேடம். கீழே ஒருவருக்கும் போகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் ஏறி நின்று குதித்தேன், அறை சின்னது, தலை விசிறியில் இடிக்கப் பார்த்தது. மேலாளர் கேக் வாங்கி வரச் சொன்னார். என்னைப் புழு டாக்டர் என்று அறிவித்து வெட்டச் சொன்னார். அன்றிலிருந்து ஜெராக்ஸ் என்ற பெயரே போயிற்று. ஒரு மனிதனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல். ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய விலைப்புள்ளி தவறி என் பொறிக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் அ என்று ஓர் எழுத்து தட்டி, மேலே வந்த பெயரைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கியிருக்கிறார். ஒப்பந்தம் கைநழுவியது. மேலாளர் என் அறைக்கு வந்தார்.

"இதான்யா கடைசி. இன்னொரு மெயில் இப்படித் திசை மாறிப் போச்சுன்னு தெரிஞ்சுது, மூணு ஆனாவைத் தூக்கிக் கடாசிட்டு உன்னை மறுபடி மெஷின்கிட்ட அனுப்பிடுவேன்."

"இனி ஒண்ணுகூடத் தவறாது சார்" என்றேன். அவர் போன பிறகும் ரொம்ப நேரம் என் இடது கை சூடாகவே இருந்தது. பட்டியலில் எத்தனை குடும்பம், எத்தனை மாமியார். பொறி இல்லாவிட்டால் அவர்கள் கதி என்ன? என்னைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் முதல் மெயில் பொறிக்குள் வந்து விழுந்தது.

எங்கள் நிறுவனத்தில் உதிரிபாகம் வேண்டுமென்றால் மேலாளருக்கு எழுத்தில்தான் கேட்க வேண்டும். போனில் சொன்னால் கேட்க மாட்டார். காத்தோட போற பேச்சுக்கு நான் கையெழுத்துப் போட முடியுமா என்பார். மெக்கானிக்குகள் எல்லோருடைய போனிலும் நான்தான் பட்டியலை ஏற்றிக் கொடுத்திருந்தேன். மேலாளரின் பெயர் அதில் அலுவலகம், மேலாளர் என்று இருந்தது. மாப்பிள்ளை கிரீஸ் கையோடு அ என்று தட்டியிருக்கிறார். முதலில் வந்தது அஅஅ அலுவலகம். அலுவலகம்தானே என்று அனுப்பிவிட்டார். பெயரை அப்படி மாற்றியது நான்தான், அதை மறுக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து போனே அந்தப் பெயரை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

ஓர் உயரமான கட்டடம், மேல் மாடியில் மூட்டுவலி வைத்தியசாலை. முழங்கால் வலிக்கிறவர்களை எல்லாம் உச்சிக்கு வரச் சொல்கிற அந்த டாக்டரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அங்கே லிஃப்டின் பிரேக் தேய்ந்துவிட்டது, மாடிக்கு நேராக நிற்காமல் ஒரு சாண் தாண்டி நிற்கிறது, புதிய பிரேக் கட்டை உடனே வேண்டும் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். நல்ல மெயில். தெளிவாக எழுதியிருந்தார்.

மேலாளருக்கு அனுப்பிவிடத்தான் நினைத்தேன். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அனுப்பினால் இது உனக்கு எப்படி வந்தது என்று கேட்பார். அதோடு பொறி போய்விடும். ஒரு சாண் தானே, மாப்பிள்ளை கெட்டிக்காரர், எப்படியும் வேறு வழியில் சொல்லிவிடுவார் என்று விட்டுவிட்டேன். இதில் ஏதாவது விபரீதம் தெரிகிறதா உங்களுக்கு? எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"மெயில் போட்டு ஒரு வாரமாச்சு மச்சான். கெணத்துல போட்ட கல்லு மாதிரி கெடக்கு. மேனேஜர் படிக்கிறாரா இல்லையான்னே தெரியல."

"அவருக்கு ஆயிரம் வேலை மாப்ள. பார்ப்பார்."

"நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, ஒரு வார்த்தை காதுல போட்டு வையுங்களேன்."

"சொல்றேன் மாப்ள."

"அண்ணன் சொன்னா மேனேஜர் தட்ட மாட்டாருங்க" என்று தங்கை பெருமையாகச் சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள். அவளுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை உண்டு, அடிக்கடி மறந்துவிடுவாள். அன்றும் மறந்திருந்தாள். நான்தான் நினைவுபடுத்தித் திட்டினேன். குடும்பத்தை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது மெயிலில் படங்கள் இணைத்திருந்தார். தேய்ந்த பிரேக்கின் படங்களாக இருக்கும். நான் திறக்கவில்லை. முன்பின் யோசிக்காமல் இணைப்பைத் திறக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானே திறந்தால் நன்றாகவா இருக்கும்? புழு குடியிருப்பதே இணைப்பில்தான். விதி என்றால் விதி. மாப்பிள்ளையாகவே இருந்தாலும் விதி ஒன்றுதான் என்று நினைத்தபோது என் நேர்மையை நினைத்து எனக்கே உச்சி குளிர்ந்தது.

மூன்றாவது மெயில் கொஞ்சம் சங்கடமானது. பாகம் வரும்வரை லிஃப்டை நிறுத்தி வைக்கட்டுமா, உத்தரவு வேண்டும் என்று கேட்டிருந்தார். உத்தரவு இல்லாமல் ஒரு திருகாணிகூடத் திருக மாட்டார் அவர், அப்படி ஒரு கட்டுப்பாடு. நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். லிஃப்ட் நின்றால் மூட்டுவலி டாக்டர் மேலாளருக்குப் போன் போடுவார். மேலாளர் மாப்பிள்ளையைக் கூப்பிடுவார். மாப்பிள்ளை, நான் மூணு மெயில் போட்டேனே சார் என்பார். எங்கே போச்சு அந்த மெயில் என்று எல்லோரும் என் கதவைத் தட்டுவார்கள். சும்மா இருந்தாலும் ஆபத்து, பதில் வராவிட்டால் அவரே நேரில் போய்க் கேட்டுவிடலாம். அதனால் மரியாதையாக ஒரு வரி பதில் போட்டேன். அலுவலகம் என்று மட்டும் முடித்தேன், மேலாளர் என்று போடவில்லை. பொய் சொல்ல எனக்கு வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வாயெல்லாம் பல்.

"பதில் வந்துடுச்சு மச்சான்! நிறுத்த வேணாமாம். பார்ட்ஸ் கெளம்பிடுச்சாம். நீங்க சொன்னதாலதானே?"

"அட, நான் என்ன பெரிசா சொன்னேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும் மச்சான். நீங்க வெளிய காட்டிக்க மாட்டீங்க."

அன்று வீட்டில் ஒரே கொண்டாட்டம். தங்கை பாட்டு வைத்தாள். மாப்பிள்ளை மேலாளரைப் போலத் தொப்பையைத் தள்ளி நடந்து காட்டினார், கையெழுத்துப் போடுவதுபோல் காற்றில் கிறுக்கினார். நாங்கள் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வாய்க்காது, மேடம். கிளம்பும்போதுதான் அவர் வாசலில் வைத்துச் சொன்னார்.

"பார்ட்ஸ் வர்ற வரைக்கும் நானே தெனம் காலைல போய், வெறும் லிஃப்டுல ஏறி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுறேன் மச்சான். அப்புறம் மத்தவங்க ஏறட்டும். முட்டிவலிக்காரங்க பாவம், ஒண்ணுன்னா குதிச்சு ஓடக்கூட முடியாது."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பொறுப்பான கையில் இருக்கிறது, இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

லிஃப்டைப் பற்றி எனக்கு அப்போது ஒரு விஷயம் தெரியாது. பிரேக் போனால் லிஃப்ட் கீழேதான் விழும் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். கயிற்றின் மறுமுனையில் கனமான இரும்புக் கட்டைகள் தொங்குமாம், பாதி ஆட்கள் ஏறிய லிஃப்டின் எடைக்கு. அதனால் ஆள் இல்லாத, அல்லது ஒருவர் மட்டும் ஏறிய லிஃப்ட் பிரேக் விட்டால் மேலேதான் பறக்கும். இதை உங்கள் நிபுணர் நேற்று எனக்கு விளக்கினார். மிக நன்றாக விளக்கினார், படமெல்லாம் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளை அன்று காலை லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று எதையோ சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார். மேலே கான்கிரீட் தளம். அவ்வளவுதான். மூட்டுவலி நோயாளிகள் யாரும் அப்போது வந்திருக்கவில்லை. ஒருவருக்குக்கூட ஒரு சிராய்ப்பும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் அழவில்லை என்று நினைக்காதீர்கள். தேம்பித் தேம்பி அழுதேன். தங்கையின் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் மத்தியானம் மேலாளர் கூப்பிட்டு, எல்லோருக்கும் துக்கச் செய்தி போட்டுடுப்பா என்றார். நிறுவனத்தின் முகவரிப் பட்டியல் முழுவதற்கும். நான் அனுப்பினேன். வாடிக்கையாளர்கள், கடைக்காரர்கள், ஆடிட்டர், மாமியார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, மேடம். ஒரு முகவரிகூடக் கெட்டுப் போகவில்லை. இத்தனை காலம் நான் காத்த பட்டியல் அத்தனை சுத்தமாக இருந்தது. திரையில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தபோது, சொல்லக் கூடாது, என் கால் தரையில் பாவவில்லை.

பிறகு மாப்பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து நானே எடுத்தேன். ஆளில்லாத பெட்டியில்தான் புழு சுலபமாக நுழையும். அவருக்கு நான் செய்த கடைசிக் காரியம் அது. வேறு யாருக்கும் அதைச் செய்யத் தோன்றியிருக்காது.

சில நாள் கழித்துப் பொறியில் மணி அடித்தது. புழு என்று துள்ளி எழுந்தேன். புழு இல்லை. மாப்பிள்ளையின் போனிலிருந்து தங்கை எழுதியிருந்தாள். அவளும் அ என்றுதான் தட்டியிருக்கிறாள்.

"ஐயா, லிஃப்டை நிறுத்தவா என்று என் கணவர் கேட்டதற்கு நிறுத்த வேண்டாம் என்று நீங்கள் எழுதிய பதில் இந்தப் போனில் இருக்கிறது. பாகம் கிளம்பிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் வரவில்லை என்று மற்ற மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். என் அண்ணனிடம் கேட்டேன். அவர் அழுகிறார். அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை."

அதைப் படித்து எனக்கு மனசு இளகிவிட்டது. என்னை எவ்வளவு நினைத்துப் பார்க்கிறாள் பாருங்கள். அவளைப் பதில் இல்லாமல் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தின் சார்பில் அடக்கமாக எழுதினேன். தங்கள் மெயில் கிடைத்தது, தங்கள் துயரில் பங்குகொள்கிறோம், ஆவன செய்யப்படும். அதோடு விட்டிருக்கலாம். வேளாவேளைக்குச் சாப்பிடவும், காலை மாத்திரையை மறக்க வேண்டாம் என்று இன்னொரு வரி சேர்த்துவிட்டேன். கூடப் பிறந்த பாசம், என்ன செய்வது.

ஒரு மணி நேரத்தில் என் அறைக் கதவு திறந்தது. அதே பலகைக்குக் கீழே நின்றாள். கையில் போன்.

"அண்ணா, என் மாத்திரை விஷயம் மேனேஜருக்கு எப்படிண்ணா தெரியும்?"

நான் எழுந்து நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பொறியைத் திறந்து காட்டினேன். மாப்பிள்ளையின் மூன்று மெயிலும் அப்படியே பத்திரமாக இருந்தன, ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. புழு எப்படி நடக்கும், முதல் பெயர் ஏன் முக்கியம், எல்லாவற்றையும் உங்களிடம் சொன்னதுபோலவே பொறுமையாக விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நிறுத்துன்னு எழுதியிருந்தா போதுமேண்ணா" என்றாள் கடைசியில். "அதுவும் ஒரு வரிதானே."

பிறகுதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். நீங்கள் வந்தீர்கள். அவ்வளவுதான் கதை. ஆமாம், அந்த வரியை எழுதியது நான்தான். அது கட்டாயத்தில் எழுதியது இல்லை, கை தவறி எழுதியதும் இல்லை. பிரேக் தேய்ந்ததும் தெரியும், அதில் யார் ஏறப் போகிறார் என்பதும் தெரியும், அவர் என்னை மச்சான் என்று கூப்பிடுவார் என்பதும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

தங்கை வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடி வழியாகத் தெரிகிறது. மடியில் அந்தப் போன். வந்தபோது சொன்னாள், அந்த அஅஅவை இப்பவே அழிக்கப் போறேன் என்று. நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மேடம், அழிக்க வேண்டாம் என்று. அவளுக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளை மனசு, யார் எதை அனுப்பினாலும் நம்பித் திறந்துவிடுவாள். பாதுகாப்பு என்று அவளுக்கு இனி என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?